என்னைவிட மூத்த புது சார்

எனக்கு வாய் அதிகம். இதை எனக்கு ஆகாதவர்கள் மட்டும் சொன்னதில்லை. எங்கள் தலைமையாசிரியையே என் முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் அந்தப் பயிற்சிக்கு அனுப்பினார்.

"புதுசா வர்ற டீச்சருங்களுக்குக் கூட நிக்க, சீனியர் ஒருத்தர ட்ரெய்னிங்குக்கு அனுப்பணுமாம். நீங்கதான் எப்பவும் பேசிக்கினே இருப்பீங்களே, போய்ட்டு வாங்க."

சாலவாக்கம் பக்கத்தில், டவுன் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊரில் எங்கள் தொடக்கப் பள்ளி. பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புதான். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில், உத்திரமேரூரில் நடந்த ஐந்து நாள் பயிற்சிக்குக் கிளம்பும்போதே ஒரு புது நோட்டு வாங்கி, வரப்போகும் புது ஆசிரியருக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிகளை எழுதிவிட்டேன். முதல் வாரம் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சாக்பீஸை இரண்டாக உடைத்து எழுதினால் கீச்சென்று சத்தம் வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு எடுக்கக் கூடாது. இப்படியே அறுபத்து மூன்று வரை போயிருந்தேன்.

பயிற்சி கொடுக்க வந்த மேடம் என் கடைசித் தங்கையைவிடச் சின்னவர். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு மாடி ஏறி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பல பள்ளிகளிலிருந்து வந்த நாற்பது பேர், எல்லாரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

"உங்க எல்லாருக்கும் நல்லா சொல்லிக் குடுக்கத் தெரியும். அதுதான் பிரச்சினையே" என்றார்.

ஆளுக்கொரு கமர்கட் கொடுத்தார். வெல்லமும் தேங்காயும் போட்டு உருட்டிய, கல் மாதிரி இருக்கும் கடை மிட்டாய். அது கரைகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, கடிக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டு, எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அந்த டீச்சர் புது ஆசிரியை போல நடிக்க வேண்டும். நாங்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அந்த டீச்சர் போர்டில் பெரிதாக எழுதினார்: 'எங்கள் பல்லிக்கூடம்.'

மற்ற முப்பத்தொன்பது பேர் வாயிலும் கமர்கட். முப்பத்தொன்பது பேர் கண்ணும் வெளியே வந்துவிட்டது. என் பக்கத்தில் வாலாஜாபாத் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர், அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர், பெரிய மீசை. அவர் மீசை நடுங்கத் தொடங்கியது. அந்த டீச்சர் விடவில்லை. 'பல்லிக்கூடம் அலகாக இருக்கும்' என்று அடுத்த வரியையும் எழுதினார். 'கடக்' என்று ஒரு சத்தம். மீசைக்காரர் கடித்துவிட்டார். "ஏம்மா, பள்ளிக்குச் சின்ன லவா, பெரிய ளவா?" என்று கத்தினார். அதற்குப் பிறகு கூடம் முழுக்கக் கடக் கடக்கென்று சத்தம். நான் மூன்றாவது. எனக்கு முன்னால் இரண்டு பேர் கடித்தார்கள் என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்" என்றார் பயிற்சி மேடம். "புது டீச்சருக்கு நீங்க குடுக்கற டைம் இவ்ளோதான்."

அடுத்த நாள், ஒரு வகுப்பில் எங்களை உட்கார வைத்து, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார். நான் 'வகுப்பு சுமாராக இருந்தது' என்று எழுதினேன். அவர் அதை அடித்துவிட்டு, "சுமார்னா எப்படி மேடம் இருக்கும்? கறுப்பா, செகப்பா?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அதற்கு நிறம் இல்லைதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டிலேயே பழகிப் பார்க்க முடிவு செய்தேன். என் கணவர் வயலிலிருந்து வந்து டீ குடிக்க உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து, பயிற்சியில் சொன்னபடி, முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நாற்று விட்டதைச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. மோட்டார் பழுதானதைச் சொன்னார். அதற்கும் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா, ஒன்னும் பேச மாட்டேன்ற?"

நான் கனிவாகப் பார்த்தேன்.

"அப்படிப் பாக்காத. சரி, சொல்லிடறேன். மிக்ஸி ஜார நான்தான் ஒடச்சேன். பூனை இல்ல."

இரண்டு மாதமாக நான் பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் எனக்கு ஒரே குஷி. வாயை மூடினால் இவ்வளவு நடக்குமா! மறுநாள் பயிற்சியில் இதைச் சொன்னபோது மீசைக்காரர் சிரித்துச் சிரித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பயிற்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டவுன் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, தங்க ஃபிரேம் போட்ட கண்ணாடி, கையில் தோல்பை. மெதுவாகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே பள்ளிக்குள் வந்தார்.

அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்துவிட்டார் என்று முடிவு செய்ய எங்களுக்கு வேறென்ன வேண்டும்? பிள்ளைகள் எழுந்து "வணக்கம் ஐயா" என்று இழுத்தார்கள். தலைமையாசிரியை தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு ஓடினார். சத்துணவு சமைக்கும் அக்கா, ஆணியில் தொங்கிய துணித் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, கேட்காமலே, "முட்டை எல்லாம் கரெக்டா கீது சார்" என்றார். நான் என் வகுப்புக்குள் ஓடி, மேசை மேலிருந்த என் சாப்பாட்டுக் கூடையை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் தலைமையாசிரியையிடம் நீட்டினார்.

"வேலையில சேர வந்திருக்கேம்மா. புது டீச்சர்."

தலைமையாசிரியை கடிதத்தைப் பிரித்துப் படித்தார். பிறகு சமையல் அக்கா தொப்பியைக் கழற்றினார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்கு நாற்பத்திரண்டு. இருபத்திரண்டு வயதில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர். பிறகு தகுதித் தேர்வு, பட்டியல், வழக்கு, மறுபடியும் தேர்வு என்று காலம் ஓடிவிட்டது. காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பம். அங்கேயே ஒரு பட்டுக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் சேலை விரித்துக் காட்டியிருக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். வேலைக்கான உத்தரவு வந்த அன்றைக்கு, "அப்பா, நாளைக்கு ஸ்கூலுக்கு அழுவாமப் போவியா?" என்று அவள் கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

இவருக்குத்தான் நான் மென்டர். அதாவது ஒரு வருடம் கூடவே நிற்க வேண்டியவள். என் அறுபத்து மூன்று புத்திமதிகளை இந்த நரைத்த தலையிடம் எப்படிச் சொல்வது? முதல் வாரம் சிரிக்காதீர்கள் என்றா? முதல் நாள் இடைவேளையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு, "நீங்க உக்காருங்க சார்", "இல்ல மேடம், நீங்க உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் மணி அடித்துவிட்டது. கடைசி வரை இரண்டு பேரும் உட்காரவில்லை.

அவருக்கு மூன்றாம் வகுப்பு. பதினாறு பிள்ளைகள். புதன்கிழமை நான் முதல் முறையாக அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். என் ஐந்தாம் வகுப்பைத் தலைமையாசிரியை பார்த்துக்கொண்டார். முன்னெச்சரிக்கையாக ஒரு கமர்கட்டை வாயில் போட்டிருந்தேன்.

அவர் உள்ளே நுழைந்ததும் பழக்கதோஷத்தில், "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பதினாறும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "இன்னிக்கு நீளம் அளக்கறதப் பத்திப் பாக்கலாங்களா?" என்று அவர் கேட்டதும் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சட்டென்று போர்டு பக்கம் திரும்பியவர், அப்புறம் திரும்பவே இல்லை. முத்து முத்தான எழுத்து. ஆனால் பேச்சு முழுக்கப் போர்டோடுதான். எனக்கு நாக்கு துடித்தது. திரும்புங்க சார், திரும்புங்க என்று மனசுக்குள் கத்தினேன். கமர்கட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினேன்.

வகுப்பிலேயே குட்டியான ஒரு பெண் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்து கிட்டே வந்து, என் கன்னத்தைத் தொட்டாள்.

"டீச்சர், உங்க வாயில இன்னா கீது?"

நான் தலையை ஆட்டினேன்.

"கமர்கட்டு! டீச்சர் கமர்கட்டு துன்றாங்க!"

அவ்வளவுதான், பாடம் போய்விட்டது. பதினாறு பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "எனக்கு டீச்சர், எனக்கு டீச்சர்" என்றார்கள். நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தேன். அப்போதுதான் அவர் திரும்பினார். கையில் சாக்பீஸோடு என்னைப் பார்த்து, முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர அப்படி ஒரு சிரிப்பு. பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

மதியம் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பாடத்துக்குப் பிறகு மென்டர் முதலில் கருத்துச் சொல்லக் கூடாது, கேட்க வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன விதி. நானே ஒரு வகுப்பைக் கெடுத்துவிட்டு வந்திருக்கும்போது கருத்துச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

"எப்படி இருந்திச்சு சார்?"

"காலு ஒதறிச்சு மேடம். புள்ளைங்க மூஞ்சியப் பாக்கவே பயமா இருந்திச்சு."

"கடையில கஸ்டமர் மூஞ்சியப் பாக்க பயந்தது உண்டா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இது நானாக யோசித்துக் கேட்டதில்லை, வாயில் வந்த கேள்வி. ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? கஸ்டமர் படி ஏறும்போதே மூஞ்சியப் பாத்து எந்தக் கலர் எடுக்கணும்னு தெரிஞ்சிடும். அம்மா ஒன்னு கேப்பாங்க, பொண்ணு வேற ஒன்னு பாத்துக்கினு இருக்கும். நான் பொண்ணு பாக்கறதத்தான் விரிப்பேன்."

"அங்க எங்க நிப்பீங்க?"

"நிக்கறதா? மெத்த விரிச்சி, தரையில உக்காந்துதான மேடம்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கமர்கட் இல்லாமலே ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து, சாப்பிட்ட டப்பாவை மறந்துவிட்டு வகுப்பைப் பார்த்து நடந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வகுப்பில் பெஞ்சுகளெல்லாம் சுவரோரம் போயிருந்தன. நடுவில் ஜமக்காளம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தோல்பையிலிருந்து ஒரு மூங்கில் கூடை, ஒரு துண்டு, ஒரு நீளமான வாழை நார் என்று ஒவ்வொன்றாக எடுத்து, சேலை விரிக்கிற மாதிரி பிள்ளைகள் முன்னால் போட்டார். அந்தக் கை வேகத்தைப் பார்க்க வேண்டும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம் என்று ஒரு தடவைதான் சொன்னார். "இது எவ்ளோ, நீங்களே பாருங்க" என்று தள்ளிவிட்டார். பதினாறு முகத்தையும் அவர் கண் சுற்றிச் சுற்றி வந்தது.

ஐந்தே நிமிடத்தில் துண்டு போதவில்லை. ஜமக்காளத்தை அளந்தார்கள். போர்டை அளந்தார்கள். வெளியே ஓடி வராண்டாவை அளந்தார்கள். சமையல் அக்காவின் பெரிய கரண்டியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருத்தி அளந்தாள். தலைமையாசிரியை நடந்து வந்தபோது, "டீச்சர், நில்லுங்க" என்று அவர் புடவைத் தலைப்பையும் அளந்தார்கள். நான் நோட்டும் பேனாவுமாகப் பின்னாலேயே ஓடினேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் அல்லவா, அதற்கே கை வலித்தது.

அந்த நேரத்தில் டவுன் பஸ் வந்தது. பள்ளிக்கு எதிரே இருக்கும் திடலில் திருப்பி நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் கிளம்பும். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனார். பிள்ளைகள் பஸ்ஸைப் பார்த்தார்கள். பிறகு சாரைப் பார்த்தார்கள்.

"அளக்கலாமா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "கையப் புடிச்சிக்கினு வரிசையா போங்க" என்றார்.

நாங்கள் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கியவர் பயிற்சி மேடம். ஸ்கூட்டி பஞ்சராம், அதனால் பஸ்ஸில் வந்திருக்கிறார். மென்டர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வந்தவர். அவர் கால் மண்ணில் படுவதற்குள் ஒரு பிள்ளை அவர் பையை அளந்து, "ஒரு முழம்!" என்று கத்திவிட்டுப் போனது.

"இன்னா மேடம் நடக்குது இங்க?"

"பாருங்க" என்றேன். ஒரே வார்த்தை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்ன பதில் அதுதான்.

பஸ்ஸின் பக்கவாட்டில், ஒவ்வொரு முழத்துக்கும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். வகுப்பிலேயே உயரமான பெண் முதலில் முடித்துவிட்டு, "முப்பது!" என்றாள். கமர்கட்டைக் கண்டுபிடித்த குட்டிப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்து, "முப்பத்தி நாலு!" என்றாள். ஆளுக்கு ஆள் தப்பு தப்பு என்று கூச்சல். டிக்கெட் பையோடு நின்று வேடிக்கை பார்த்த கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுங்கடா. எட்டு வருஷமா இந்தப் பஸ்ல கீறேன், எனக்குத் தெரியாதா?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே அளந்தார். "இருபத்தி மூணு. எழுதிக்கோ!"

"பொய் சொல்றாரு சார்!" என்று பதினாறு பேரும் குதித்தார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா பேஜாரு? வண்டி எடுக்கப் போறீங்களா இல்லியா?" என்றார்.

ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு, அதனால்தான் கணக்கு வேறு. இதைச் சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சார் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கடையில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டாராம், இரண்டு சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாராம். இதைப் பிறகுதான் எனக்குச் சொன்னார். அன்றைக்கு அவர் செய்ததும் அதைத்தான். கண்டக்டரையும் குட்டிப் பெண்ணையும் கூப்பிட்டார்.

"உங்க கைய இவங்க கை பக்கத்துல கொஞ்சம் வையுங்க சார்."

இரண்டு கையும் பஸ்ஸின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கூச்சல் அடங்கியது. குட்டிப் பெண் தன் கையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள்.

"ஐ! என் கை குட்டி! அதான் நெறைய போட்டேன்!"

அதற்குப் பிறகு நடந்ததை எழுத என்னால் முடியவில்லை. எல்லாரும் எல்லார் கையோடும் கை வைத்துப் பார்த்தார்கள். தலைமையாசிரியையும் பயிற்சி மேடமும்கூடக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப யாரு கைய வச்சி அளந்தா கரெக்டு?" என்று உயரமான பெண் கேட்டாள். கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "கவர்மென்ட்டு கைனு ஒன்னு கீதா சார்?" என்றார்.

"கீது" என்றார் சார். தோளில் மாட்டியிருந்த தோல்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துணிக்கடை மீட்டர் கம்பியை உருவினார். பத்தரை மீட்டர். உயரமான பெண் அளந்தாலும் பத்தரை, குட்டிப் பெண் அளந்தாலும் பத்தரை, கண்டக்டர் அளந்தாலும் பத்தரை. பஸ் ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பக்கவாட்டில் சாக்பீஸ் கோடுகளோடு அது ஏரிக்கரையில் திரும்பும் வரை பிள்ளைகள் கை தட்டினார்கள். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார், திட்டா வாழ்த்தா தெரியவில்லை.

பயிற்சி மேடம் என் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். 'சார் தரையில் உட்கார்ந்தார். குட்டிப் பெண் நான்கு முறை பேசினாள். கண்டக்டர் அளந்தார். சார் ஒன்றும் சொல்லவில்லை. சார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயோ, சொல்லுங்க சார்.'

"கடைசி வரி கண்ணுக்குத் தெரிஞ்சுதா மேடம்?"

"எனக்குத் தெரிஞ்சுது."

அவர் அதை அடிக்கவில்லை.

மறுநாள் சார் தயங்கித் தயங்கி வந்து, என் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் என் வகுப்பைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து நோட்டைத் திறந்ததும், சுத்தமாக இருந்த போர்டை நான் மறுபடியும் அழித்தேன். அன்றைக்கு மிக நன்றாக நடத்தினேன் என்றுதான் நினைத்தேன்.

மணி அடித்ததும் அவர் வந்து, நோட்டை என் மேசையில் சேலையை விரிப்பது போலப் பிரித்து வைத்தார். முத்து முத்தான எழுத்தில் எட்டு வரி. முதல் ஏழு வரியும் ஒரே வரிதான்: 'மேடம் கேள்வி கேட்டார். மேடம் பதில் சொன்னார்.' எட்டாவது வரி: 'மேடம் கேள்வி கேட்டார். மேடத்துக்குத் தும்மல் வந்தது. ஒரு மாணவி பதில் சொன்னார்.'

நான் அதை இரண்டு முறை படித்தேன். காது சூடாகிவிட்டது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் முகத்தை இறுக்கி வைத்திருந்தார்.

"நாளைக்கு வூட்டுலருந்து கொஞ்சம் மொளகாப்பொடி எடுத்தாரட்டுமா மேடம்?"

அதற்கு மேல் தாங்கவில்லை. நான் மேசை மேல் கவிழ்ந்து சிரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்து வாசலில் நின்று, "இன்னா, இன்னா ஆச்சு? எனக்குச் சொல்லுங்களேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் நோட்டைக் காட்டினோமே தவிர, ஒரு வார்த்தை பேச முடியவில்லை.